வேலூர் வரைக்கும்

ஆம்பூர் ஒர்க்‌ஷாப் வாசலில் ஆவி கக்கியபடி நின்றது பச்சைத்தோல் ஏற்றிய லாரி. ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்திருந்தது.

தோல் நாற்றத்துக்காகவோ என்னவோ, மெக்கானிக் முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தான்.

"புது ஹோஸ் மாட்டட்டுமா, மொதலாளி?"

"வேணாம்ப்பா. தோல் வாரைச் சுத்திக் கட்டு. வேலூர் வரைக்கும் தாங்கும்" என்றார் லாரி முதலாளி அரங்கநாதன்.

"வண்டிய யாரு ஓட்றது?"

"டிரைவர் நின்னுட்டான். நான்தான்."

கையிலிருந்த புது ஹோஸை ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டு, மெக்கானிக் தோல் வாரை இறுக்கிக் கட்டினான்.

"சபாஷ்! இதுக்கு முந்தி கட்டியிருக்கியா?"

"ஒரே ஒரு தபா. உங்க வண்டிக்குத்தான்."

துண்டை அவிழ்த்தான். பாதி முகம் வெந்து சுருங்கியிருந்தது.

"எழுபத்தெட்டுல. கட்டு பிச்சிகினு கொதிதண்ணி மூஞ்சில அடிச்சுது. அன்னிக்கு டிரைவர் நான். வேலூர் வரைக்கும் தாங்கும்னுதான் அப்பவும் சொன்னீங்க. ஏறுங்க, மொதலாளி."