தர்ஷினியின் ரத்தம்

தர்ஷினி என்று டாக்டரம்மா கூப்பிட்டபோது பிள்ளை திரும்பவில்லை. அமிர்தவல்லி அதன் தோளைத் தட்டினாள்.

ஏழு வயசு. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அமிர்தவல்லி சித்தாள் வேலைக்குப் போகிறவள். மூத்தவன் விஜய்க்குச் சின்ன வயசிலேயே சர்க்கரை. வகுப்பில் மயங்கி விழுந்து, செத்துப் பிழைத்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து தினம் ஊசி.

கூடப் பிறந்ததற்கும் வரலாம், முன்னாடியே ரத்தம் பார்த்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் விடாமல் சொன்னார்கள். மாட்டேன் என்றால் விஜய்க்கு இனாமாகக் கொடுக்கிற மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் போன மாதம் வந்தாள்.

இன்று ரிசல்ட்.

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல சேதி சொல்ல யாரும் நாற்காலியை இழுப்பதில்லை.

இப்போது சர்க்கரை இல்லை, ஆனால் வருவதற்கான அடையாளம் ரத்தத்தில் இருக்கிறது, வரும் என்றார். எப்போது என்று சொல்ல முடியாது. ஓயாமல் தண்ணி கேட்டால், படுக்கையை நனைத்தால், திடீரென்று இளைத்தால் அன்றைக்கே தூக்கி வர வேண்டும். தாமதித்தால் எல்லாப் பிள்ளையும் விஜய் மாதிரி பிழைப்பதில்லை.

அமிர்தவல்லி அழவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அது வந்த வேகத்தில் அவளுக்கே உடம்பு கூசியது.

வெளியே வந்ததும் பிள்ளை கேட்டது.

"எனக்கு இன்னா பெரியம்மா?"

தர்ஷினி வீட்டில் இருந்தாள். இது தங்கச்சி சந்திரகலாவின் மகள்.

பொண்ணுக்கும் சர்க்கரை என்று தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான்? அதனால்தான் இதைக் கூட்டிவந்து தன் மகள் பேரைக் கொடுத்தாள். சர்க்கரை மாமியார் வீட்டுச் சீதனம் என்று இத்தனை வருசம் புருஷனோடு மல்லுக்கு நின்றவள் அமிர்தவல்லி. தங்கச்சி பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்?

சந்திரகலா இந்நேரம் முத்தியால்பேட்டையில் செங்கல் சுமந்துகொண்டிருப்பாள். பிள்ளை பெரியம்மாவோடு கடற்கரைக்குப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

சொல்லியாக வேண்டும். சொன்னால் தங்கச்சி இல்லை.

அமிர்தவல்லி பிள்ளையை ரோட்டோரம் வரைக்கும் நடத்திக் கூட்டிவந்தாள்.

"அம்மா கேட்டா பீச்சுக்குப் போனோம்னு சொல்லு."

"போவலியே."

அமிர்தவல்லி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் போகிற டெம்போவில் ஏறினாள்.