இரண்டாவது துளி

யூரோப்பா நிலவின் பனிக்கு அடியிலுள்ள கடலில் உயிரைத் தேடும் உணரியைப் பூரணிதான் வடிவமைத்தாள். அது ஒரு துளி நீரை எரித்து, அதிலுள்ள மூலக்கூறுகளைப் படிக்கும். அன்று முதல் துளியிலேயே உயிர் இருந்தது தெரிந்தது. கட்டுப்பாட்டு அறையே எழுந்து கைதட்டியது.

"இன்னொரு துளியையும் எரிச்சுப் பாத்துருவோம். இல்லைன்னா யாரும் நம்பமாட்டாங்க," என்றார் திட்டத் தலைவர் செல்வின்.

"முதல் தடவை தெரியாம எரிச்சோம் சார். இப்பத் தெரியும்."

"கை கழுவும்போது கோடிக் கிருமியக் கொல்றோமே?"

"அது நம்ம வீடு. இது அவங்க வீடு."

"எரிக்கலைன்னா உங்க பேரே வெளிய வராது, பூரணி."

"வராட்டாப் போகட்டும்."

அவள் கைரேகை இல்லாமல் உணரிக்குக் கட்டளை போகாது. பூரணி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேலைநீக்க உத்தரவை அங்கேயே படித்துக் காட்டினார்கள். கட்டிய கைகளை அவள் பிரிக்கவில்லை.