சப்போர்ட் அண்ணனுக்கு ஒரு விருது

"இந்த வருஷம் சிறந்த ஊழியர் விருதை இவருக்குக் குடுக்கலேன்னா, அந்த விருதையே எடுத்துடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, எச்.ஆர். அதிகாரியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர். யாரையும் பாராட்டி வாய் பழகாத மனிதர். அவரே வலிய வந்து இன்னொருவருக்காகப் பேசியதும், அதிகாரியம்மா குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"யாரு சார் அவ்வளவு பெரிய ஆளு?"

"வேற யாரு, நம்ம சப்போர்ட் அண்ணன்தான்."

அந்தப் பார்சல் கம்பெனியில் சப்போர்ட் அண்ணனைத் தெரியாதவர் கிடையாது. ஆபீஸ் சாட்டில் 'சப்போர்ட்-2' என்ற பெயரில் இருப்பார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் மறு நிமிஷம் பதில் வரும்.

எந்த லாரியில் எந்தப் பெட்டி போகிறது என்பதெல்லாம் ஒரே ஒரு சர்வரில்தான் இருந்தது. அது படுத்தால் லாரிகளும் படுத்துவிடும். அதில் ஓடிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையோ, செய்தவர்களே எப்போதோ கைகழுவிவிட்டார்கள். மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று ஆடிட்டர்கள் தலைபாடாய் அடித்துக்கொண்டபோதெல்லாம் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தார் மேலாளர். ஓடுகிற வண்டியில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பயம் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். பழைய சிஸ்டத்தை நம்பி இனிச் சரக்கு அனுப்ப மாட்டோம் என்று மருந்துக் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"திங்கக்கிழமையும் அது பழசாவே இருந்துச்சுன்னா, செவ்வாக்கிழமை நீங்க புது வேலை தேடிக்கலாம்" என்றார் முதலாளி. குரலைக்கூட உயர்த்தவில்லை.

பூனைக்கு மணி கட்ட ஆள் தேடினார் மேலாளர். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இன்னொருத்தருக்கு மச்சினன் கல்யாணம். மூன்றாமவர் புதிதாய் யோசிக்கச் சோம்பல்பட்டு, மச்சினனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் சாட்டில் அந்தச் செய்தி வந்தது. "அப்கிரேடு நான் பண்றேன் சார். யாரும் கை வைக்காம இருந்தா போதும்."

"சனிக்கிழமை பூரா எனக்குச் சோறு தண்ணி இறங்கல மேடம்" என்றார் மேலாளர். "வேலை போகப்போகுதுன்னு வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. சாயங்காலம் ஒரே ஒரு மெசேஜ். 'முடிஞ்சுது சார், நிம்மதியா சாப்பிடுங்க'ன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு லாரி நிக்கல."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

"தங்கமான மனுஷன் சார்" என்று அதிகாரியம்மாவும் உருகினார். "என் பாஸ்வேர்ட் மறந்துபோச்சுண்ணேன்னு ஒரு நாள் கேட்டேன். 'புதுசு எதுக்கு மேடம், உங்க பழசு இதுதானே'ன்னு டக்குன்னு எழுதி அனுப்பிட்டாரு. சொல்லுங்க, முழுப் பேரு என்ன?"

மேலாளர் தலையைச் சொறிந்தார். "அண்ணன்னுதான் கூப்பிடுவோம்."

"எந்த மாடில உக்காருவாரு?"

"இங்க இல்ல மேடம். ஹெட் ஆபீஸ்னு நினைக்கிறேன்."

அதிகாரியம்மா ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அவரு உங்க ஆளுதானே? இங்க சிஸ்டம் படுத்தாக்கூட உங்க ஆபீஸ் அண்ணன்னு சொல்லி அவரைத்தானே கூப்பிடுறோம்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியைக் கேட்டார்கள். "எங்க ஆளு இல்லீங்க. எங்க பசங்க டவுட்டு வந்தா உங்க அண்ணன்கிட்டதான் கேக்குறாங்க" என்றார்கள்.

கம்ப்யூட்டரில் எப்படித் தேடியும் அதிகாரியம்மாவுக்கு அப்படி ஒரு ஊழியர் அகப்படவில்லை. நியமன உத்தரவு இல்லை, லீவு இல்லை, சம்பளமும் இல்லை.

"அப்போ இத்தனை வருஷமா நாம அவருக்குச் சம்பளமே போடலையா சார்?"

மேலாளர் யோசித்துப் பார்த்தார். ஒரு மனுஷனிடம் மாடு மாதிரி வேலை வாங்கிக்கொண்டு, ஊழியர் நம்பர்கூடக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம். அவரும் ஒரு வார்த்தை வாய் திறந்து கேட்கவில்லை. தன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு வேலையே இல்லை என்பதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"யாரு செஞ்ச தப்போ, அதை இன்னிக்கே சரி பண்ணிடணும் மேடம்" என்றார்.

மேலாளரே சாட்டைத் திறந்து தட்டினார். "அண்ணே, பெரிய தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்குங்க. உங்க முழுப் பேரும் வீட்டு விலாசமும் அனுப்புங்க. வேலை, சம்பளம், விருது எல்லாம் உங்களைத் தேடி வரும்."

மறு நிமிஷம் பதில் சொல்கிற ஆள் முதல்முறையாகத் தாமதித்தார். எழுதுகிறார் என்று திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. இருவரும் திரையையே பார்த்தார்கள். கடைசியில் பதில் வந்தது.

"அதெல்லாம் எதுக்கு சார்? நான் நுழைஞ்ச ஓட்டை வழியா இன்னொரு திருடன் வந்துடக் கூடாதேன்னுதான் அப்கிரேடு பண்ணேன்."