வாய்க்காலோடு நின்ற கோடு

சமுதாயக் கூடத்து வாசலில் அமுதம் கோலமாவால் ஊரையே வரைந்து முடிக்கிறாள். வந்திருக்கும் சமுதாய நிதியில் என்ன வேலை செய்வது என்று ஊரே முடிவு பண்ண வேண்டுமாம். எந்த இடத்துக்கு வேலை வேண்டுமோ அங்கே ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். காலை வெயிலில் அந்த வெள்ளைக் கோடுகள் கண்ணைக் கூசவைக்கின்றன. கோவில், ஏரிக்கரை, நெற்களம், ரேஷன் கடை, எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. கோலத்தை மிதிக்க மனம் வராமல் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எட்டிக் குனிந்து வைக்கிறார்கள். களத்தின் மேல் கொட்டைகள் குவிகின்றன. கடைசியாக வந்த செல்வகுமாரி, நடவுச் சேறு காயாத காலோடு, கொட்டையை உள்ளங்கையில் பொத்தியபடி கோலத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். "இன்னாம்மா தேடுற? சட்டுனு வச்சிட்டு வா," என்கிறாள் அமுதம். "எங்க தெருவத்தாங்க்கா தேடுறேன்." யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொள்கிறார்கள். மாவுக்கோடு வாய்க்காலோடு நின்றிருக்கிறது. அதற்கு அந்தாண்டை காலனி. மழைக்காலத்தில் அங்கிருந்து பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் வர வேண்டும். "வேணும்னு வுடலம்மா. கை தானா அங்கியே நின்னுபோச்சு," என்கிறாள் அமுதம். செல்வகுமாரி குந்தி உட்கார்ந்து, கோட்டுக்கு வெளியே, வெறும் மண்ணில் தன் கொட்டையை அழுத்தி வைக்கிறாள். அமுதம் அவசரமாக மாவை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் குனிகிறாள். விரலிடுக்கில் மாவு கசிய, கை அந்தரத்திலேயே நிற்கிறது.

"அங்க எத்தினி தெருமா இருக்குது?"