வெள்ளைத் திரை

நல்லூரில், பனியன் கழுத்தில் தைக்கும் துணி லேபிள்கள் அச்சாகும் அறை. மதிய வெயில் கணினித் திரையில் விழுந்து கிடக்கிறது. லேபிள் வாசகம் தட்டும் தேவயானிக்குச் சில வாரங்களாக வெள்ளையில் கருப்பெழுத்து கலங்கித் தெரிகிறது. வெளியே சொன்னால் வேலை போய்விடும். அதனால், தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருள் திறந்ததுமே கருப்புத் திரையாக வரட்டும் என்று மட்டும் கணினி பார்க்கும் குகனிடம் கேட்டிருக்கிறாள். அவன் மாற்றியதும் ஒரே மூச்சில் வாசிக்கிறாள்: “ஹண்ட்ரட் பர்சன்ட் காட்டன்.”

முதலாளி ரத்தினசாமி அச்சான லேபிளைத் திரையோடு ஒட்டிப் பிடிக்கிறார். இங்கே எல்லா லேபிளும் இப்படித்தான் ஒத்துப் பார்க்கப்படுகிறது.

“துணி வெள்ளை, இது கரிச்சட்டியாட்ட இருக்குது. எதை வெச்சுப்பா ஒத்துப் பாக்கறது? பழையபடியே வெச்சுரு.”

“இருக்கட்டுமுங்க. கண்ணுக்கு நல்லதுங்கறாங்க,” என்கிறாள் தேவயானி.

“ஏம்மா, வெள்ளையில உனக்குத் தெரியலியா?”

குகன் எடிட்டரைப் பழையபடி வெள்ளைக்கு மாற்றி, மூடித் திறக்கிறான். வெள்ளைத் திரையில் அடுத்த லேபிள் வந்து நிற்கிறது.

“தெரியுதுங்க,” என்கிறாள். இமைக்காமல் திரையைப் பார்த்தபடி உரக்க வாசிக்கிறாள்: “ஹண்ட்ரட் பர்சன்ட் காட்டன்.”

“அப்புறமென்ன?” ரத்தினசாமி கதவை நோக்கி நடக்கிறார். திரையில் இருப்பது ‘ஹண்ட்ரட் பர்சன்ட் பாலியஸ்டர்’. குகன் அவள் முகத்தைப் பார்க்கிறான். அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.