மரியாதையான வசவு

"ஏனுங்க ரெஃப்ரி! கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துபோட்டீங்களாங்க?"

கம்பி வேலி ஓரம் நின்ற டிராக்டர் டிரெய்லரின் மேலிருந்து அந்தப் பெண் கத்தியதும், கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஷாநவாஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கோயம்புத்தூரில் பாத்திரக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, தம்பி சாஹில் ஆடும் ஃபுட்பால் மேட்ச்சைப் பார்க்க அன்னூர் தாண்டி இந்தச் சின்ன கிரவுண்டுக்கு வந்திருந்தார். வாழைத் தோட்டத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒரு மண் கிரவுண்டு. டிக்கெட் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ஆனாலும் சாயங்காலக் காற்றும் வேகவைத்த கடலைக்காயும் சேர்ந்து மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. இந்தப் பெண்ணின் வாய் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மனுஷி ஓயவே இல்லை. விசில் ஊதினால் ஏனுங்க ஊதினீங்க, ஊதாவிட்டால் ஏனுங்க ஊதலீங்க.

"நீங்க ஓடற வேகத்துக்கு ரேசன் கடை வரிசையே பரவால்லீங்க!"

ரெஃப்ரி அன்புமணி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. மூச்சு வாங்க வாங்கப் பந்தின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

"யாருங்க அந்தம்மா?" கடலைக்காய் விற்ற மாசாணத்திடம் கேட்டார் ஷாநவாஸ்.

"எந்த ஊருன்னு தெரியலீங்க. இந்த வருசம் ஒரு மேட்ச்ச உடறதில்லீங்க. அந்தம்மா பேச்சக் கேக்கறதுக்குன்னே பாதிப் பேரு வாராங்க."

மாசாணம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெஃப்ரிதாங்க பாவம். போன வருசம் எங்கூருப் பசங்களுக்கு எதிரா பெனால்டி குடுத்தாருன்னு, இதே கிரவுண்டுல கல்ல உட்டு அடிச்சுப்போட்டாங்க. நெத்தீல ஏழு தையலுங்க. இன்னைக்கும் அப்புடி ஏதாச்சும் ஆகாம இருந்தாச் செரி."

ஷாநவாஸ் கடலைக்காய்ப் பொட்டலத்தை மடக்கிப் பையில் போட்டார். ஏழு தையல் வாங்கிய மனிதர் மறுபடி தைரியமாக வந்திருக்கிறார், அவரைப் போய் இந்தப் பெண் இப்படிக் கரித்துக் கொட்டுகிறாளே! கூட்டத்தை உசுப்பிவிடவும் ஒரு ஆள் வேண்டுமா?

இடைவேளையில் பொறுக்க மாட்டாமல் நேரே டிரெய்லருக்குப் போனார்.

"ஏனுங்க்கா, அவரும் மனுசன்தானுங்களே? இப்படித் திட்டலாமுங்களா?"

"மனுசன்னுதானுங்க தம்பி, 'ங்க' போட்டுத் திட்டறேன்" என்றாள் அவள், சோடாவைக் குடித்தபடி.

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார் ஷாநவாஸ்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டே நிமிடம். பந்தோடு கோலை நெருங்கிய சாஹிலின் ஜெர்சியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான் ஒரு உள்ளூர் ஆட்டக்காரன். சாஹில் குப்புற விழுந்தான்.

அன்புமணி விசில் ஊதினார். கொஞ்சமும் தயங்காமல் பெனால்டி என்று கை காட்டினார்.

"டேய்!" என்று ஒரு குரல். நாலைந்து இளவட்டங்கள் வேலியைத் தாண்டி உள்ளே குதித்தார்கள். அதில் ஒருவன் குனிந்து கல்லை எடுத்ததை ஷாநவாஸ் கண்ணால் பார்த்தார். தம்பி ஜெயிக்கவே வேண்டாம், அந்த மனிதர் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு.

"ஏனுங்க!"

அந்தப் பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரெய்லரில் எழுந்து நின்றாள்.

"பெனால்டி என்னங்க, உங்க மாமியா ஊட்டுச் சீருங்களா, கேக்காமக் கொள்ளாம எடுத்துக் குடுக்கறதுக்கு? கல்யாணத்துல சீரு கொறஞ்சுபோச்சுன்னா மாமியாளப் போயிக் கேளுங்க! அந்தக் கோவத்த எங்க பசங்க மேல காட்டாதீங்க!"

வேலி ஓரம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உள்ளே குதித்தவர்களும் சிரித்துவிட்டார்கள். கல்லோடு நின்றவனாலும் அடக்க முடியவில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டான்.

"நாம கேக்கறதுக்கு மேலயே அக்கா கேட்டுப்போட்டாங்க. வாங்கடா, போலாம்!"

சாஹில் கோல் அடித்தான். இரண்டுக்கு ஒன்று. விசில் ஊதியதும் இரண்டு அணியும் கை குலுக்கிக்கொண்டு, ஒரே டீ கேனைச் சுற்றி நின்று டீ குடித்தன.

ஷாநவாஸுக்கு மனசு நிறைந்திருந்தது. இத்தனை வசவு வாங்கியும் நியாயத்தை விடாத மனிதருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று, வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கம் போனார்.

அங்கே ஒரு மொபெட்டின் மேல் அன்புமணி உட்கார்ந்திருந்தார். அவருடைய நெற்றித் தழும்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள், அதே பெண்!

"ஏன் செவ்வந்தி, உங்கம்மாள எதுக்கு ஊடால இழுத்தே?"

"அவசரத்துக்கு வேற ஒண்ணும் வாயில வரலீங்க."

ஷாநவாஸ் இன்னும் கிட்டே போனார்.

"அக்கா... நீங்க இவரு சம்சாரமுங்களா? அப்புறம் எதுக்குங்க்கா இந்தத் திட்டு?"

செவ்வந்தியின் குரல் இப்போது தணிந்திருந்தது.

"போன வருசம் நான் ஊட்டுலயே இருந்துபோட்டேனுங்க. கூட்டத்துக்குக் கோவம் வந்தா, யாராச்சும் ஒருத்தர் திட்டித்தானுங்க ஆகோணும். நான் வாயால திட்டிப்போட்டா, மத்தவங்க கைக்கு வேல இல்லாமப் போயிருதுங்க தம்பி."