தோள் சொன்ன மழை

தோளில் ஒட்டிய மருந்துப் பட்டை, வலி கிளம்புமுன்னே மருந்தை இறக்கிவிடும். ஃபைப்ரோமயால்ஜியா என்னும் தீராத உடம்புவலி நோயோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிய ஜெபராணிக்கு இப்போது நோவே தெரிவதில்லை.

அப்போதெல்லாம் மழைக்கு முன்னால் தோள் குடையும், உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். விடிந்ததும் குடியிருப்புப் பெண்கள் அவள் வாசலில் நிற்பார்கள். "யக்கா, இன்னைக்கு வத்தல் போடலாமா?"

பட்டை ஒட்டியபின் ஒருத்தியும் கேட்டு வருவதில்லை. நேற்று எதிர்வீட்டு ஸ்டெல்லா, நனைந்த வத்தலை அள்ளிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். "உங்க தோளு சொன்ன காலத்துல ஒரு வத்தலாவது நனைஞ்சிருக்காக்கா?"

இன்று காலையில் ஜெபராணி பட்டையைப் பிய்த்து எறிந்தாள். மத்தியானம் தோள் குடையத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"ஏட்டி ஸ்டெல்லா, வத்தல எடு! மழை வருது!"

வானத்தில் பொட்டு மேகமில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது; படிகளில் கால்கள் தடதடவென்று ஏறின.